முகம் பார்த்து நிறுத்தாத கேட்: அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை 6:40 இருக்கும். இரவு ஷிஃப்ட் முடித்து வந்த செவிலியர் ஒருவரை எங்கள் மெயின் கேட்டில் நிறுத்தி "எந்த வீடு?" என்று கேட்டார் காவலர். மணிப்பூர்ப் பெண். பதினோரு மாதமாக சி பிளாக்கில் வாடகைக்கு இருக்கிறார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தோள்பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையில் இருந்த வாடகை ஒப்பந்த நகலை எடுத்து நீட்டினார். அடிக்கடி மடித்துப் பிரித்ததில் அந்தத் தாளின் மடிப்பு வெளுத்துப் போயிருந்தது. அவருக்குப் பின்னால் வந்த கார் ஒன்று கண்ணாடியைக்கூட இறக்காமல் உள்ளே போனது. அதில் எங்கள் ஸ்டிக்கர் இல்லை. பால் வாங்க வந்து நின்ற நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் 200 வீடுகளுக்கு மேல் உள்ள குடியிருப்பு அது. நான் அப்போது சங்கச் செயலாளர். அதற்குப் பிறகு இரண்டு வருடம் கேட் நடைமுறையை மாற்றி அமைத்தோம். பக்கத்தில் இரண்டு குடியிருப்புகளின் புதிய கமிட்டிகளுக்கும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். எடுத்த எடுப்பில் காவலர்களைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கிறார்கள்.

காவலர் யாரை நிறுத்துகிறார்? உள்ளே விட்டால் நம்மிடம் திட்டு வாங்க வேண்டிவரும் என்று அவருக்குத் தோன்றுகிற ஆளை. யாரை விடுகிறார்? நிறுத்தினால் தன்னைத் திட்டக்கூடிய ஆளை. இந்தக் கணக்கை அவருக்குக் கற்றுக் கொடுத்தது நாம்தான். அதனால் வேலையை நம் பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருட்கள் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஒன்று, இன்றைய தேதியில் குடியிருப்பவர்களின் பட்டியல். பெரும்பாலான சங்கங்களில் இருப்பது உரிமையாளர் பட்டியல். வீட்டுக்காரர் துபாயில் இருப்பார், வீட்டில் இருப்பது நான்கு வாடகைதாரர்கள். அந்த நான்கு பெயரும் கேட்டில் இருக்காது. காவலர் நிறுத்தும் ஆட்களில் பாதிப் பேர் இப்படிப் பட்டியலில் விடுபட்டவர்கள்தான். வாடகைதாரர் பெயர் ஏறாதவரை, மற்ற எந்த மாற்றமும் நிற்காது. எங்களுக்கு இந்த ஒரு வேலைக்கே மூன்று வாரம் ஆனது. பொறுமையாகச் செய்யுங்கள்.

இரண்டு, செக்யூரிட்டி ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தம். அதில் காவலரின் வேலை என்னவென்று என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமம் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்பதையும் இதே சாக்கில் பார்த்துவிடுங்கள்.

மூன்று, கமிட்டியின் எழுத்துபூர்வமான தீர்மானம். ஒரு வரி போதும்: "கேட்டில் விசாரணை அனைவருக்கும் ஒன்றே, அதைப் பின்பற்றும் காவலருக்குக் கமிட்டி துணை நிற்கும்." இது இல்லாவிட்டால், முதல் முறை ஒரு வீட்டு உரிமையாளரின் மச்சானை நிறுத்திய அன்றே உங்கள் திட்டம் முடிந்துவிடும்.

2. ஒரு வாரம் கேட்டில் நின்று எண்ணுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலை 7 முதல் 10, மாலை 6 முதல் 9. கமிட்டியில் இரண்டு பேர் மாற்றி மாற்றி நின்றால் போதும். ஒரு நோட்டில் மூன்றே விஷயம்: எப்படி வந்தார் (கார், பைக், நடை), நிறுத்தப்பட்டாரா, என்ன கேட்டார்கள். முகம், ஊர், சாதி எதையும் குறிக்க வேண்டாம். நாம் எண்ணும் முறையே நாம் ஒழிக்க நினைக்கும் பழக்கத்துக்குத் துணை போகக்கூடாது.

எங்கள் நோட்டில் முதல் நாளே தெரிந்தது, கார் என்றால் கேட் திறக்கிறது. நடந்து வந்தால் ரிஜிஸ்டர் நீள்கிறது. உண்மையில் திருட வருகிற ஆளுக்கு ஒரு வாடகைக் காரும் இஸ்திரி போட்ட சட்டையும் பெரிய செலவா? இந்த எண்ணிக்கையைப் பொதுக்குழுவில் காட்டினோம். "நம்ம பாதுகாப்புக்குத்தானே கேக்குறாங்க" என்று சொன்னவர்கள்கூட அன்றுதான் நிதானித்தார்கள். முகம் பார்த்து நிறுத்துவது ஒரு மனிதரைப் புண்படுத்துகிறது, அதோடு காவலையும் ஓட்டையாக்குகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் எதிர்ப்பு குறையும்.

ரிஜிஸ்டரையும் புரட்டிப் பாருங்கள். எங்கள் ரிஜிஸ்டரில் "வந்த காரணம்" என்ற இடத்தில் ஒரு காவலர் சில வரிகளில் "ஹிந்தி" என்று மட்டும் எழுதியிருந்தார்.

3. வருகிறவர்களை வேலையால் பிரியுங்கள்

கேட்டுக்கு வருகிற எல்லோரும் நான்கு வகைக்குள் அடங்குவார்கள்: இங்கே குடியிருப்பவர், விருந்தாளி, ஏதோ ஒன்றைக் கொண்டு வருகிறவர் அல்லது பழுது பார்க்க வருகிறவர், தினமும் வேலைக்கு வருகிறவர். ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு சோதனை வையுங்கள்.

குடியிருப்பவருக்கு: டேக் அல்லது ஸ்டிக்கர். இல்லையென்றால் வீட்டு எண்ணும் பெயரும் பட்டியலில் ஒத்துப் போனால் போதும்.

விருந்தாளிக்கும் டெலிவரிக்கும்: எந்த வீடு என்ற கேள்வி, அந்த வீட்டுக்கு இன்டர்காம் அல்லது செயலியில் ஒப்புதல். மைகேட், நோபுரோக்கர்ஹுட் போன்ற செயலி இருந்தால் இது அரை நிமிட வேலை. காரில் வந்தாலும் இதே கேள்விதான். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

தினமும் வருகிறவருக்கு: சங்கம் கொடுத்த அட்டை.

டேக் வேலை செய்து கதவு திறந்துவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்தது. "டேக் இருக்கு, ஆனா இவங்களைப் பார்த்தா இங்க இருக்கிறவங்க மாதிரி தெரியலையே" என்ற எண்ணம் வரும்போது, காவலரும் சரி, குடியிருப்பவரும் சரி, அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். 2018 அக்டோபரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு வெள்ளைக்காரப் பெண், தன் கட்டடத்திலேயே குடியிருந்த கறுப்பின இளைஞரை வாசலில் மறித்தார். கையில் சாவியோடு அந்த இளைஞர் உள்ளே போன பிறகும், அந்தப் பெண் லிஃப்டில் ஏறி, வீட்டுக் கதவு வரை பின்தொடர்ந்தார். அந்த இளைஞர் எடுத்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அதைப் பார்த்து நாம் முகம் சுளித்தோம். எங்கள் மணிப்பூர்க்காரச் செவிலியரிடமும் டேக் இருந்தது. அதை அவர் காட்டிய பிறகுதான் "எந்த வீடு?" என்ற கேள்வி வந்தது.

4. காவலர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதிக் கொடுங்கள்

"மரியாதையா நடந்துக்கோங்க" என்று சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு அர்த்தம். வாக்கியத்தையே கொடுத்தால் குழப்பம் இல்லை. எங்கள் கேபினில் ஒட்டியது இதுதான்:

"வணக்கம். எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க? ஒரு நிமிஷம், கேட்டுச் சொல்றேன்."

எல்லோருக்கும் 'நீங்க'. இதில் கண்டிப்பாக இருங்கள். காரில் வந்தவருக்கு "சார்", சாப்பாடு கொண்டு வந்த பையனுக்கு "ஏய், எங்க போற?" என்பதுதான் நம் கேட்டுகளின் வழக்கம். தமிழில் மரியாதையும் அவமரியாதையும் வினைச்சொல்லின் கடைசி எழுத்திலேயே தெரிந்துவிடும். 'போற', 'போறீங்க' என்ற வித்தியாசத்தில் அந்தப் பையனின் நாள் மாறும்.

இன்னொரு விஷயம். ஓ.எம்.ஆர். குடியிருப்புகளில் பல காவலர்களே பீகார், ஒடிசா, அஸ்ஸாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் அட்டை மட்டும் கொடுத்தால் பயனில்லை. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். இந்தியிலும் 'நீங்க' என்று பொருள்படும் 'ஆப்' போட்டே எழுதுங்கள். வெளியூரிலிருந்து வந்த காவலர் வெளியூர் ஆளை நிறுத்த மாட்டார் என்று நினைக்க வேண்டாம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர்தான் இன்னும் கடுமையாக நிறுத்துவார்.

கேட்கக்கூடாத கேள்விகளையும் அதே அட்டையில் எழுதுங்கள்: எந்த ஊர், எந்த நாடு, என்ன சாப்பிடுவீங்க, கூட வந்திருக்கிறது யார், ஏன் இவ்வளவு லேட்டு. இவற்றில் எதற்கும் காவலோடு சம்பந்தம் இல்லை.

வாக்கிடாக்கியில் பேசும் சொற்களைத் தனியாகக் கவனியுங்கள். "நேபாளி பொண்ணு ஒண்ணு வருது", "வடக்கன் ரெண்டு பேர்" என்று கேட்டிலிருந்து பிளாக்குக்குப் போகும் தகவல், அந்த ஆள் லிஃப்டை அடைவதற்கு முன்பே அவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. "சி பிளாக் 304-க்கு ஒரு விருந்தாளி, ஒப்புதல் ஆயிடுச்சு." இது போதும்.

பயிற்சி எப்படி என்றால், வகுப்பு வேண்டாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். கமிட்டி ஆள் ஒருவர் காரில் வந்து "என்னைத் தெரியாதா உனக்கு?" என்று சத்தம் போட வேண்டும். காவலர் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் முதல் இரண்டு முறை கேட்டைத் திறந்துவிட்டார். மூன்றாம் முறை நின்றார், கை நடுங்கியது. "நீங்க செஞ்சது சரி" என்று அப்போதே எல்லோர் முன்னாலும் சொன்னோம். அதற்குப் பிறகுதான் மற்ற காவலர்கள் நம்பினார்கள்.

5. பிளாக் வாசலில் அக்கம்பக்கத்தார் நடந்துகொள்ளும் முறை

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. ஏனென்றால் இங்கே காவலர் இல்லை. நீங்களும் அவரும் மட்டும்.

டேக் வைத்துக் கதவைத் திறக்கிறீர்கள். பின்னால் ஒருவர் வருகிறார், அவரை உங்களுக்குத் தெரியாது. கதவைப் பிடித்து நிற்பதா, மூடுவதா? எங்கள் விதி: ஒவ்வொருவரும் தன் டேக்கை வைக்க வேண்டும், எல்லோரும், எப்போதும். தெரிந்த ஆளாக இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் வரும் வடகிழக்கு மாநிலத்துப் பையன் முகத்தில் கதவை விடுவது விதி ஆகாது. இது முதலில் விறைப்பாக இருக்கும். "ஒவ்வொருத்தரும் டேக் வைக்கணும்னு புது ரூல், தப்பா நினைக்காதீங்க" என்று ஒரு மாதம் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பழகிவிடும்.

முதியவர், கைக்குழந்தைக்காரர், இரண்டு கையிலும் பை வைத்திருப்பவர் வந்தால் கதவைப் பிடியுங்கள். அங்கே விதி பார்க்க வேண்டாம்.

தெரியாத ஆளிடம் பேசத்தான் வேண்டும் என்று தோன்றினால் உங்களைப் பற்றி முதலில் சொல்லுங்கள். "வணக்கம், நான் நாலாவது மாடி. உங்களைப் பார்த்ததில்லை, புதுசா வந்திருக்கீங்களா? ஏதாவது தேடுறீங்களா?" குடியிருப்பவருக்கு இது வரவேற்பாக இருக்கும். வழி தவறியவருக்கு உதவியாக இருக்கும். தப்பான நோக்கத்தோடு வந்தவருக்கோ, தன்னை ஒருவர் கவனித்துவிட்டார் என்பது புரிந்துவிடும். "யார் நீங்க, இங்க என்ன வேலை?" என்று கேட்டால் முதல் இருவரும் புண்படுவார்கள், மூன்றாமவர் ஏதோ ஒரு பொய் சொல்லிவிட்டுப் போவார்.

ஆனால் ஒன்று. அந்த இனிமையான கேள்வியையும் ஒரே மாதிரி முகங்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவும் விசாரணைதான். அந்தச் செவிலியர் பிறகு என்னிடம் சொன்னார்: "எல்லாரும் நல்லாத்தான் கேக்கறாங்க, அங்கிள். ஆனா ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் புதுசா வந்தீங்களான்னு கேக்கறாங்க. எனக்கு இங்க பதினொரு மாசம்." ஆகவே கேட்பதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள். இதே இடத்தில், இதே உடையில், இதே நேரத்தில் நம்மூர் முகம் ஒன்று நின்றிருந்தால் கேட்டிருப்பேனா? இல்லை என்றால் கேட்காதீர்கள்.

உடம்பால் மறிக்கவே கூடாது. வாசலில் குறுக்கே நிற்பது, கையைப் பிடிப்பது, லிஃப்டை நிறுத்துவது எதுவும் கூடாது. ஒருவர் போக உரிமையுள்ள வழியில் அவரை மறிப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவின்படி குற்றம். அடைத்து வைத்தால் 127. பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைப்பதற்குச் சட்டம் தரும் இடம் குறுகலானது: கண்ணெதிரில் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருக்க வேண்டும், அல்லது அவர் நீதிமன்றம் அறிவித்த தலைமறைவுக் குற்றவாளியாக இருக்க வேண்டும். அப்போதும் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். "பார்க்கச் சந்தேகமா இருந்தது" என்பது இதில் எங்கும் வராது. காவலருக்கும் இதே சட்டம்தான். காக்கிச் சட்டை போட்டிருப்பதால் அவர் போலீஸ் ஆகிவிட மாட்டார்.

6. வாட்ஸாப் குரூப்புக்கு ஒரு படிவம்

கேட்டைச் சரிசெய்துவிட்டு குரூப்பை விட்டுவிட்டால் பத்து நாளில் பழைய நிலை திரும்பும். காவலருக்கு மறைமுக உத்தரவு குரூப்பிலிருந்துதான் போகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2018 மே மாதம் வடநாட்டுப் பிள்ளைபிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸாப்பில் வதந்தி ஓடிய நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தைக் கூட்டம் அடித்தது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி இறந்தார். அவர் தமிழர், தன் குலதெய்வத்தைக் கும்பிடப் போனவர். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூரிலும் சென்னையிலும் வேலை செய்தவர்கள் பயந்து ரயில் ஏறினார்கள். ஃபார்வர்டு செய்த ஒவ்வொருவரும் ஜாக்கிரதைக்காகத்தான் அனுப்புவதாக நினைத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் ஓக்லாந்து நகரத்துக் குடியிருப்பாளர்கள், நெக்ஸ்ட்டோர் என்ற அக்கம்பக்கச் செயலியில் கறுப்பினத்தவரைப் பற்றியே சந்தேகப் பதிவுகள் குவிவதை எதிர்த்தார்கள். 2016-இல் அந்த நிறுவனம் தன் படிவத்தை மாற்றியது: அந்த ஆள் என்ன செய்தார் என்பதை முதலில் கேட்டது, இனத்தை மட்டும் எழுதினால் பதிவை ஏற்கவில்லை. அந்த யோசனையை நாங்கள் எங்களுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டோம். குரூப்பில் பாதுகாப்புச் செய்தி போட வேண்டுமானால் இந்த வரிசை:

அ) என்ன செய்தார்? (செயல் மட்டும்)
ஆ) எங்கே, எத்தனை மணிக்கு?
இ) யாரிடம் சொல்லிவிட்டீர்கள்? (காவலர் அல்லது கமிட்டி எண்)
ஈ) தேவைப்பட்டால் உடை, பை, வண்டி.

முதல் வரியை நிரப்ப முடியவில்லை என்றால் செய்தி இல்லை. முன்பு எங்கள் குரூப்பில் வந்த ஒன்று: "ரெண்டு நார்த் ஈஸ்ட் பசங்க பேஸ்மென்ட்ல சுத்துறாங்க, எல்லாரும் உஷார்!!" கூடவே ஒரு புகைப்படம். அந்தப் பையன்கள் ஏ பிளாக்கில் குடியிருப்பவர்கள். ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரூப்பில் அவர்களுடைய வீட்டு உரிமையாளர் இருந்தார், அவர்கள் இல்லை. தங்கள் படம் 180 பேருக்குப் போனதே அவர்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

படிவத்தின்படி எழுதியிருந்தால் என்ன எழுதியிருக்க முடியும்? "பேஸ்மென்டில் இரண்டு பேர் நடக்கிறார்கள்." இதை யாரும் போட மாட்டார்கள். வேறு ஒரு நாள் வந்த சரியான செய்தி: "பி பிளாக் பேஸ்மென்ட், 2:15 மணி. ஒருவர் மூன்று கார்களின் கதவுப் பிடியை இழுத்துப் பார்த்தார். கேட்டுக்குச் சொல்லிவிட்டேன். நீலச் சட்டை, கறுப்புப் பை." காவலர் நான்கு நிமிடத்தில் போனார். யார் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை, தேவையும் இல்லை.

படம் போடுவதற்குத் தடை வையுங்கள். படமோ சிசிடிவி காட்சியோ இருந்தால் கமிட்டிக்கு மட்டும். தேவைப்பட்டால் கமிட்டி போலீஸுக்குக் கொடுக்கும். அட்மினுக்கு ஒரு வேலை: படிவம் மீறிய செய்தியை ஐந்து நிமிடத்துக்குள் நீக்கிவிட்டு, போட்டவருக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டும். குரூப்பிலேயே கண்டித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் நாலு செய்தி போடுவார். வாடகைதாரர்களையும் குரூப்பில் சேருங்கள். சம்பந்தப்பட்டவரும் படிப்பார் என்று தெரிந்தாலே பேச்சு மாறும்.

உடனடி ஆபத்து என்றால் குரூப்புக்கு வேலையே இல்லை. 112-ஐ அழையுங்கள், பிறகு கேட்டுக்குச் சொல்லுங்கள்.

7. வாடகைதாரரிடம் வாங்கும் ஆவணங்கள்

ஒரே பட்டியல், எல்லோருக்கும். வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கம், குடியிருப்பவர்கள் பெயர், அவசரத் தொடர்பு எண். எங்களுக்கு இதற்கு மேல் ஒருநாளும் தேவைப்படவில்லை. மயிலாப்பூரிலிருந்து குடிவரும் குடும்பத்திடம் இவற்றை வாங்கிக்கொண்டு, மிசோரமிலிருந்து வரும் பையனிடம் கூடவே அலுவலகக் கடிதமும் பெற்றோர் போன் எண்ணும் கேட்காதீர்கள்.

"போலீஸ் சொல்லியிருக்காங்க" என்பார்கள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதன் பிறகு, வாடகைதாரர் விவரத்தை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னை மாநகரக் காவல்துறை உத்தரவு போட்டது. அது எல்லா வாடகைதாரருக்கும் பொதுவான உத்தரவு. கொடுக்க வேண்டியவர் உரிமையாளர், போக வேண்டிய இடம் காவல் நிலையம். அதை வடநாட்டு, வடகிழக்கு இளைஞர்களிடம் மட்டும் கேட்கும் சோதனையாக மாற்றியது சங்கங்களின் வேலை.

வெளிநாட்டவர் தங்கினால், தங்க வைத்தவர் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை அதற்கான அரசுப் படிவத்தில் (முன்பு சி படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். இது ஆப்பிரிக்க மாணவருக்கும் உண்டு, ஜெர்மன் இன்ஜினியருக்கும் உண்டு. முதலாமவரிடம் கேட்டை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இரண்டாமவரிடம் மறந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படிவத்தைக் கேட்க வேண்டியவர் காவலரும் இல்லை.

ஆதார் நகல் வாங்க வேண்டாம். அடையாளம் பார்க்கத்தான் வேண்டும் என்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதும். எங்கள் காவலர் கேபின் மேசை டிராயரைத் திறந்தபோது, வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களின் ஆதார் நகல்கள் டீ கறையோடு கிடந்தன, சில தாள்களின் பின்பக்கத்தில் போன் நம்பர் குறித்து வைத்திருந்தார்கள். அன்றே எடுத்துக் கிழித்துப் போட்டோம்.

8. தினமும் வேலைக்கு வருகிறவர்கள்

வீட்டு வேலை செய்பவர்கள், ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள். இவர்களிடம் முகத்தோடு சாதியும் உடையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. வெளியே போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வது பல இடங்களில் நடக்கிறது.

பைச் சோதனையை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில், பழைய மிக்ஸியோ சேலையோ கொடுத்து அனுப்பும் வீட்டுக்காரர் செயலியிலோ இன்டர்காமிலோ ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெரிய பொருள் வெளியே போனால் மட்டும் கேட்டில் பார்க்கப்படும், குடியிருப்பவர் எடுத்துப் போனாலும் அதே. பொறுப்பு கொடுத்தவருக்கு, வாங்கியவர் நிரூபிக்க வேண்டியதில்லை.

சர்வீஸ் லிஃப்ட் என்பது பெரிய பொருட்களுக்கு. "வேலைக்காரர்கள் இந்த லிஃப்டைப் பயன்படுத்தவும்" என்ற பலகை உங்கள் பிளாக்கில் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். இதற்குப் பொதுக்குழு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஏதாவது காணாமல் போனால் வரிசை இது: முதலில் வீட்டில் தேடுங்கள், கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கட்டும், சங்கம் சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கட்டும். வேலைக்கு வருகிறவர்களை வரிசையில் நிற்க வைத்து விசாரிக்கும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. அந்தச் சூட்டில் யாராவது பட்டியல் சாதியினர் ஒருவரைச் சாதி பெயர் சொல்லி நாலு பேர் முன்னால் திட்டினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். எங்கள் குடியிருப்பில் தொலைந்ததாகச் சொன்ன தங்கச் சங்கிலி ஒன்பதாம் நாள் துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் மடிப்பில் கிடைத்தது. அதற்குள் அந்த வீட்டில் வேலை செய்த அக்காவை மூன்று வீடுகள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டன. சங்கிலி கிடைத்த செய்தியைக் குரூப்பில் போட்டார்கள். அவரிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது, "இதை அந்த மூணு வீட்லயும் சொல்வீங்களா?"

9. தவறு நடந்துவிட்டால்

நடக்கும். நல்ல நடைமுறை இருக்கும் இடத்திலும் நடக்கும். அன்றைக்கே கமிட்டியில் இரண்டு பேர் அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். என்ன நடந்தது என்று அவர் வாயால் கேளுங்கள். "அவர் அப்படி நினைச்சுக் கேக்கலை" என்று காவலருக்காகவோ பக்கத்து வீட்டுக்காரருக்காகவோ இடையில் வாதாடாதீர்கள். மன்னிப்புக் கேளுங்கள். குரூப்பில் சொல்லலாமா என்று அவரிடம் அனுமதி வாங்குங்கள். பலர் வேண்டாம் என்பார்கள், அதை மதியுங்கள்.

காவலரை வேலையைவிட்டு நீக்குவதில் தொடங்காதீர்கள். பெரும்பாலும் அவர் யாரோ ஒரு குடியிருப்பாளர் சொன்னதைச் செய்திருப்பார். யார் சொன்னது என்று கேட்டு அங்கே போங்கள். நாங்கள் ஒரு காவலரை அவசரப்பட்டு மாற்றினோம். அதே தவறு புதிய காவலரிடம் இரண்டு வாரத்தில் வந்தது, சொல்லிக் கொடுத்தவர் அதே மூன்றாம் மாடிக்காரர்.

மிரட்டல், கைவைப்பு, இழிசொல் என்றால் அவர் போலீஸுக்குப் போவதற்குச் சங்கம் உதவ வேண்டும். சிசிடிவி பதிவு குறிப்பிட்ட நாட்களில் தானாக அழிந்துவிடும். முதல் வேலையாக அதை எடுத்து வையுங்கள்.

10. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி எண்ணுங்கள்

இரண்டாம் படியில் செய்த அதே கணக்கு, அதே நேரங்கள். கார்களையும் நடந்து வருகிறவர்களையும் ஒரே விகிதத்தில் நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். கமிட்டி மாறும்போது நோட்டையும் மூன்று மொழி அட்டையையும் குரூப் படிவத்தையும் புதியவர்கள் கையில் கொடுத்து, முதல் எண்ணிக்கையை அவர்களோடு சேர்ந்து நின்று எண்ணுங்கள். எங்களிடம் அப்படிச் செய்யாமல் விட்ட ஒரு தடவை, ஆறு மாதத்தில் ஸ்டிக்கர் இல்லாத கார்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

எண்ணிக்கையோடு ஒரு கேள்வியும் கேளுங்கள், அதிகம் நிறுத்தப்பட்டவர்களிடமே: கடைசியாக எப்போது நிறுத்தினார்கள்? அந்தச் செவிலியரிடம் நான் இதைக் கேட்டது நடைமுறை மாறி ஐந்தாவது மாதம். கொஞ்ச நேரம் யோசித்தார். ஞாபகம் இல்லை என்றார். வாடகை ஒப்பந்தம் இன்னும் பையில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.